அத்தை எண்ணிய புல்வெளி

என் அத்தை முப்பது வருடம் கார்மெண்ட்ஸில் மெஷின் இரைச்சலுக்கு நடுவே காலர் தைத்தவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் பூச்சிக்காரி. வெட்டுக்கிளி, சுவர்க்கோழிக் கணக்கெடுப்பில் சம்பளமில்லாத் தொண்டர். ரயில் பாதையோரப் புல்வெளி அவள் பொறுப்பு. பத்து இடங்களில் தலா மூன்று நிமிடம் கண்ணை மூடி நின்று, சத்தத்தை வைத்தே எது எத்தனை என்று தாளில் குறிக்க வேண்டும். பதினெட்டு வருடத்தில் ஒரு வாரம் தவறியதில்லை. மாமா தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவார்.

அங்கே இலை மாதிரியே இருக்கும் ஒரு பச்சை வெட்டுக்கிளி உண்டு. ஊசி போன்ற குரல். அதற்காகவே அந்த இடம் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் அது குறைய ஆரம்பித்தது. பிறகு பூஜ்ஜியம். அத்தை மருந்தடிப்பவர்களைத் திட்டினாள், ரயில்வேயைத் திட்டினாள், வீட்டில் உட்கார்ந்து அழுதாள். ஆனால் தாளில் பொய் எழுத மாட்டாள் மகராசி. வாராவாரம் பூஜ்ஜியம் போட்டு அனுப்பினாள். பூச்சியே இல்லாத இடத்துக்குக் காவல் எதற்கென்று பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள். லாரி நிறுத்த இடம் ஒதுக்கியாயிற்று.

வேலை தொடங்கும் முன் கடைசிப் பதிவுக்காக, கணக்கெடுப்பு அலுவலகத்துப் பெண் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து போனாள். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கே வந்து, பதிவான சத்தம் திரையில் கோடுகளாக ஓடுவதைக் காட்டினாள். பத்து இடத்திலும் பச்சை வெட்டுக்கிளி. மெஷின் சத்தத்திலேயே இருந்தவர்களுக்கு அந்த உச்சக் குரல்தான் முதலில் கேட்காமல் போகுமாம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அத்தையின் ஆறு வருடத் தாள்களையும் ஒதுக்கிவிடுவார்களாம். பட்டியலைத் திருத்த அடுத்த வருடம்தான் முடியுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருடத்தில் இன்னொரு ஆளை அனுப்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே.

அவள் போனதும் அத்தை மாமாவைப் பார்த்தாள். "உங்களுக்குக் கேட்டுச்சா?"

"எல்லா வாரமும் கேட்டுச்சு. நீதான் பூஜ்ஜியம் போடுறே. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது? வேற ஏதோ பூச்சின்னு நெனச்சுக்கிட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மாமா பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"சொன்னேன். நீ பூஜ்ஜியம் போட ஆரம்பிச்ச வருஷமே சொன்னேன். நான் எண்ணும்போது வாயைத் திறக்காதீங்கன்னுட்டே."