ஏழாம் கட்டு

காஜா அக்காவுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. சட்டைக் கம்பெனியில் காஜா, அதாவது பட்டன் ஓட்டை, போடுவது அவள் வேலை. பழைய புத்தகக் கடையிலிருந்து தலையணை மாதிரி ஒரு நாவலை அவள் வாங்கி வந்ததும், எங்கள் லைனில் ஆளாளுக்குக் கை நீட்டினோம். உடனே கத்தரியால் புத்தகத்தை ஏழாக வெட்டி, ஒவ்வொன்றையும் மெஷினில் தைத்து, சட்டைக் கட்டுகளுக்கு ஒட்டுகிற அதே நம்பர் சீட்டை ஒட்டினாள்.

வினையே அந்தச் சீட்டுதான். சட்டைகளோடு சட்டையாக ஏழாம் கட்டு இரண்டாம் லைனுக்குப் போய்விட்டது.

இரண்டாம் லைன் என்றால் வேற்று நிறத்தவர்கள். யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் அவர்கள் ஜன்னலோரம் சாப்பிடுவார்கள், நாங்கள் சுவரோரம். பதினோரு வருஷத்தில் அந்தப் பக்கம் நான் உப்புகூடக் கேட்டதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் கட்டின் முடிவில் கதாநாயகி கைக்குழந்தையோடு ரயிலடியில் நிற்கிறாள். அவள் ஏறினாளா, இல்லையா? அந்தக் கவலையில் காஜா அக்கா இரண்டு நாள் காலரில் எல்லாம் ஓட்டை போட்டாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் எழுந்துவிட்டாள்.

பக்கத்திலிருந்த அவள் அண்ணன் மனைவி கையைப் பிடித்தாள். "அங்க போனா நம்மாளுங்க என்ன சொல்வாங்க?"

"நம்மாளுங்க கதையோட முடிவைச் சொல்வாங்களா அண்ணி?"

நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே இஸ்திரி போடுகிறவள் மடியில் ஏழாம் கட்டு. எங்களைப் பார்த்ததும் அவள் முந்திக்கொண்டாள். "மீதி ஆறும் எங்கம்மா? பிள்ளைக்கு அப்பன் யாருன்னு தெரியாம மூணு நாளா எங்க லைன்ல ஒரே சண்டை."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அவளே தண்ணீர் கொடுத்தாள்.

"எங்காளு ஒருத்திய இவ்ளோ அழகா எழுதியிருக்காங்களே" என்றாள்.

"உங்காளா? அவ எங்காளு" என்றாள் காஜா அக்கா.

இஸ்திரிக்காரி பக்கத்தைத் திறந்து விரல் வைத்தாள். கதாநாயகி கண்ணாடி பார்க்கிற இடம். அவள் நிறம் தெளிவாகவே அச்சாகியிருந்தது, அவர்கள் நிறம்தான். ஆறு கட்டிலும் அவள் நிறமே வரவில்லை. நாங்களாகத்தான் எங்கள் நிறத்தை அவளுக்குப் பூசியிருக்கிறோம்.

"அப்ப நான் அழுதது?"

திரும்பினால் அண்ணி. எப்போது வந்தாளோ. தோளில் சாப்பாட்டுப் பையோடு நின்றாள். கண் அந்த வரியை விட்டு நகரவில்லை.

"அழுதது அழுததுதான் அண்ணி. திருப்பியா வாங்க முடியும்?"

அண்ணி பையை இறக்கி வைத்தாள். பிறகு இஸ்திரிக்காரியின் தோளைத் தட்டினாள்.

"கொஞ்சம் நகந்து உக்காரும்மா. அவ ரயில் ஏறினாளா, முதல்ல அதைச் சொல்லு."