கடிக்காததற்கு ஒரு வைக்கோல்

திண்டுக்கல்லில் பங்குக் கோயிலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், பள்ளி விட்ட பிறகு நான் பிள்ளைகளை வைத்துக்கொள்வேன். அறுபதுகளின் தொடக்கம். தாய்மார் பலர் புகையிலைக் கிட்டங்கியில் இலையிலிருந்து காம்பு கிழிக்கும் வேலை முடித்து, விளக்கு வைத்த பிறகுதான் வருவார்கள். அதுவரை பாடம், சுண்டல், செபம், சண்டை. சண்டைக்கு மட்டும் தனி நேரம் கிடையாது. அது எல்லாவற்றோடும் சேர்ந்து நடக்கும்.

எட்டு வயதுப் பெண் ஒருத்தி கடிப்பாள். கோபம் வந்தால் திட்ட மாட்டாள், அழ மாட்டாள். பக்கத்தில் எந்தப் பிள்ளையின் கை இருக்கிறதோ அதில் பல்லைப் பதிப்பாள். நானும் பிரம்பால் அடித்துப் பார்த்தேன். வாங்கிக்கொண்டு மறுநாளும் கடித்தாள். கடைசியாகக் கடிபட்டவன், தோல் வியாபாரம் செய்த ராவுத்தர் ஒருவரின் மகன். அவர் மரியாதையானவர். சத்தம் போடாமல் மகனின் கையைத் தூக்கிக் காட்டினார்.

"டீச்சரம்மா, ஆட்டுத்தோல்ல பல்லுத்தடம் இருந்தாலே நான் வாங்க மாட்டேன். இது எம்புள்ள தோலு."

பங்குச் சாமியார் தீர்ப்புச் சொன்னார்: இன்னொரு கடி, அவள் வெளியே. வெளியே என்றால் கிட்டங்கி. "எங்கூடவே காம்பு கிழிக்க வச்சுக்கிறேன் டீச்சர்" என்றாள் அவள் தாய், வருத்தம்கூட இல்லாமல். அங்கே போன பிள்ளைகள் பிறகு பள்ளிக்கே வருவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குடிலில் வெறும் தீவனத்தொட்டியை வைப்போம். ஆசைப்பட்ட ஒன்றை விட்டுக்கொடுத்த பிள்ளை அதில் ஒரு வைக்கோல் போடலாம். பாலன் சேசு மெத்தென்று படுப்பார். பிள்ளைகள் தங்களுக்குப் பிடிக்காத சொத்தைக் கடலையை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு வைக்கோல் போட்டார்கள். ராவுத்தர் மகனும் போட்டான். அவர் வீட்டில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இவள் மட்டும் தொட்டிப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் என்முன் வந்து நின்றாள்.

"டீச்சர், கடிக்கணும்போல வந்துச்சு. கடிக்கல. போடலாமா?"

இதற்கு வேதத்தில் இடமுண்டா என்று எனக்குத் தெரியாது. சாமியாரிடம் கேட்டால் யோசிப்பார். "போடு" என்றேன்.

அதன்பிறகு பாடத்தின் நடுவே எழுந்து போவாள், ஒன்று போட்டுவிட்டு வந்து உட்காருவாள். இது யாரை விட்டுவைத்ததற்கு என்று மற்றவர்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொள்வார்கள். கொட்டகையில் அப்படியொரு அமைதியை என் பிரம்பு கொண்டுவந்ததே இல்லை. வைக்கோல் தீர்ந்து, வண்டிக்காரரிடம் இன்னொரு கட்டு கேட்டு வாங்கினேன்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலைவரை ஒரு கடிகூட இல்லை. ராவுத்தர் தன் மகனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் அகப்படாமல் அழைத்துப் போனார். சாமியார் தொட்டியைப் பார்த்து, "பாலனுக்கு எடம் எங்க?" என்றார். அவள் இருக்கலாம் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு, தாய்க்காகக் காத்திருந்தவள் ஒரு கை நிறைய வைக்கோல் அள்ளிக்கொண்டு வந்தாள்.

"எதுக்கு புள்ள இம்புட்டு? இன்னைக்கு ஒன்னைய யாரு என்ன செஞ்சா?"

"இன்னைக்கு இல்ல டீச்சர். நீங்க அடிச்சப்பெல்லாம் ஒங்களையத்தான் கடிக்கணும்னு இருந்துச்சு. ஒருதரங்கூடக் கடிக்கல."

தொட்டியில் இடமில்லை. இருந்த வைக்கோலை என் கையால் அமுக்கிப் பிடித்து, அவளுக்கு இடம் செய்து கொடுத்தேன்.