நன்றியுரையால் திரும்பிய விண்ணப்பங்கள்

தொலைநோக்கியில் ஓர் இரவு வேண்டுமென்றால் எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லித்தர என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒரு வானாய்வகத்தின் விண்ணப்பப் பிரிவில் காலத்தைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அதே படிவம்தான் துரத்துகிறது. இந்தத் தடவை ஆனையூரில் ஒரு கல்லூரியின் கணினி அறை, இரண்டு நாள் பயிற்சி. ஏசி ஓடியது, குளிரவில்லை. எந்த விண்மீன், எந்த மாதம் தெரியும், நிலா வெளிச்சம் தாங்குமா, எத்தனை நிமிடம் படமெடுக்க வேண்டும் என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களைவிட எனக்குத்தான் கொட்டாவி அதிகம் வந்தது.

இரண்டாம் நாள் மதியம், அவனியாபுரத்திலிருந்து வந்திருந்த இயற்பியல் விரிவுரையாளர் தன் விண்ணப்பத்தைக் காட்டினார். நாற்பதைத் தாண்டியவர். கல்லூரி வேலையோடு பிஎச்.டி. செய்கிறார். பல்கலைக்கழகம் கடைசி நீட்டிப்பும் கொடுத்துவிட்டது. இந்தச் சுற்றில் இரவு கிடைக்காவிட்டால் பதிவு ரத்து. அன்று மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும்.

"ரெண்டு தடவ திருப்பிட்டாங்க சார். ரெண்டு தடவையும் நட்சத்திரத்த மாத்திட்டேன். இது மூணாவது."

"ஏன் மாத்துனீங்க?"

"வேண்டாம்னுட்டாங்களே. நட்சத்திரம் சரியில்லன்னுதான அர்த்தம்?"

பழைய இரண்டையும் திறக்கச் சொன்னேன். முதலாவது, ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரண்டு விண்மீன்கள். கணக்கில் ஒரு குறையும் இல்லை. கடைசிப் பக்கத்தில் நன்றியுரை: வழிகாட்டிப் பேராசிரியர், கல்லூரிச் செயலாளர், கணவர். இரண்டாவதிலும் அதே மூவர். மூன்றாவதில் மாமியாரும் சேர்ந்திருந்தார்.

மதிப்பிடும் குழுவுக்கு எழுதியவர் யாரென்று தெரியக் கூடாது. உள்ளே பெயரோ ஊரோ தட்டுப்பட்டால் விண்ணப்பம் குழுவுக்கே போகாது, அலுவலகமே திருப்பிவிடும். நம் பக்கத்தில் நாலு பேருக்கு நன்றி சொல்லாமல் ஒரு தாளை முடிப்பதில்லை. 'விதிமுறைகளுக்கு இணங்காததால் ஏற்கப்படவில்லை' என்ற பதிலை வரைந்தவன் நான். எந்த விதி என்று சொன்னால் எதிர்த்து எழுதுவார்கள் என்பதால் சொல்லாமல் விட்டேன். மேலதிகாரி பாராட்டினார். இவருக்குப் போன இரண்டு கடிதத்திலும் என் கையெழுத்துதான் இருந்தது.

அதைச் சொன்னேன்.

"அப்ப அந்த நட்சத்திரத்த யாரும் படிக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

"இம்புட்டு வருசம் போச்சே சார். ஒரு வரி எழுதிருக்கக் கூடாதா?"

எழுதியிருக்கலாம். அவர் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் விண்ணப்பத்தைப் புதிய படிவத்தில் ஏற்றத் தொடங்கிவிட்டார். அந்த இரட்டை விண்மீன் இந்தப் பருவத்திலும் முன்னிரவில் மூன்று மணி நேரம் தெரிகிறது. போதும். தேதிகளை மாற்றினோம். நன்றியுரையை அவரே அழித்தார்.

வழிகாட்டியும் தன் இணையதளக் கணக்கிலிருந்து ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் குழுவின் கண்ணில் படாது. நாலரை மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. குரல் எனக்கே கேட்டது.

"என்னம்மா, கடைசிப் பக்கத்தக் காணோம்?"

"பேரு இருந்தா படிக்காமயே திருப்பிருவாங்களாம் சார்."

"எவன் சொன்னான்?"

"திருப்பி அனுப்புனவரே இங்கதான் உக்காந்திருக்காரு சார். போனக் குடுக்கவா?"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து ஒப்புதல் வந்தது. ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் விரிவுரையாளர் அனுப்பு பொத்தானை அழுத்தினார்.

"கெடைக்குமா சார்?"

"சொல்ல முடியாது. கேக்குறவங்க அதிகம். வேண்டாம்னும் சொல்லலாம்."

"சொல்லட்டும் சார். படிச்சிட்டுச் சொல்லட்டும்," என்று பையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்குக் கிளம்பினார்.