வெல்கம் அர்ஜுனன்

எண்பத்தாறில், மலேசியாவில், கோலா சிலாங்கூர் டவுனுக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்று ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பெண் சொன்னால் தொழிலாளர் லயமே வாயைப் பிளக்கும். புஷ்பவள்ளி விஷயத்திலும் அதுதான் நடந்தது. "ஆம்பளப் பசங்களோட மாடியில என்னா படிப்பு?" என்று யாரோ கொளுத்திப்போட, பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் அவள் அப்பா அர்ஜுனனின் முகம் மாறிவிட்டது.

"நானே வந்து பாக்குறன். புடிக்கலைனா அதோட நிறுத்திக்க."

வகுப்பை விட்டால் அவளுக்கு மறுபடி பால்வாளிதான்.

வகுப்பு ஒரு சாப்பாட்டுக்கடைக்கு மேலே. கடைக்காரர் மகன் இனாயத்துல்லாதான் வாத்தியார். கீழே தாளிக்கிற வாசத்தில் பாதிப் பேருக்குப் பாடமே ஏறாது. அன்றைக்கு ஸ்ட்ரிங் பாடம். எழுத்துகளை வரிசையாகக் கோத்தால் ஸ்ட்ரிங். அதை வெட்டலாம், ஒட்டலாம். ஒருவர் பெயரை வாங்கி, கடைசிச் சொல்லை மட்டும் வெட்டி எடுத்து, 'வெல்கம்' என்பதோடு ஒட்ட வேண்டும். வெள்ளைக்காரன் எழுதிய புத்தகம். அவன் ஊரில் கடைசியில் வருவது குடும்பப் பெயராம். நம் அடையாள அட்டையில், ஐசியில், கடைசியில் நிற்பது அப்பா அல்லவா?

அர்ஜுனன் வந்து மகளின் பின்னால் நின்றார். அவள் தன் முழுப்பெயரைத் தட்டினாள். திரையில் பச்சை எழுத்தில் வந்தது: வெல்கம் அர்ஜுனன். வகுப்பே சிரித்தது.

சம்பள நாளில் கைநாட்டு வைக்கக் கூச்சப்பட்டு, ஆங்கிலத்தில் அவர் கற்றுக்கொண்டது தன் பெயரை மட்டும்தான். குனிந்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார்.

"என் பேர்லா இது!"

"தப்பா வந்துருச்சுப்பா. என் பேருதான் வரணும்."

"முன்னாடி என்னா போட்டிருக்கு?"

"வாங்கன்னு போட்டிருக்குப்பா."

"தோட்டத்துல கணக்கு எழுதற கிராணி கூட என்னை 'ஏய்'னுதான் கூப்புடுவாரு" என்றார். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினார். "தம்பி, பொழுது சாயறதுக்குள்ள புள்ளைய அனுப்பிருங்க. அடுத்த வாரமும் வரும்."

பரீட்சைக்கு அந்தத் தப்பைத் திருத்தத்தான் வேண்டியிருந்தது. கடைசிச் சொல்லை விட்டு, முதல் சொல்லை வெட்டி ஒட்டினாள். வெல்கம் புஷ்பவள்ளி. விடை சரி, பிற்பாடு ஆபீஸ் வேலையும் கிடைத்தது. ஆனால் அப்பாவை வாசலில் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே நுழைந்ததுபோல் பரீட்சையன்று அவளுக்கு இருந்தது.

அர்ஜுனன் போய் வெகுகாலமாகிறது. ஆபீசுக்குப் புது மெஷின் எது வந்தாலும், புஷ்பவள்ளி அதில் முதலில் எழுதிப் பார்ப்பது அந்தத் தப்பான ப்ரோகிராமைத்தான். தன் முழுப்பெயரைத் தட்டுவாள். அப்பா வந்துவிடுவார்.