வண்டி ஓடாத தீவில் தனக்கொடி

தார்ப்பாயை மடிக்க இரண்டு பேர் வேண்டும். புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு, பாகூரில் தங்கள் வீட்டு வாசலில், தனக்கொடி இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டாள். எதிரே மகள் வினோதினி மற்ற இரண்டையும் பிடித்தாள். இரவு மழைக்கு வைக்கோல் போர்மேல் போட்டிருந்த தார்ப்பாய். உதறியதும் தண்ணீர் இருவர் முகத்திலும் தெறித்தது.

"இன்னாடி, ஸ்கேல் வெச்சி அளக்கிற? மூலைக்கு மூலை வந்தா இன்னா, வராட்டி இன்னா?"

"வரணும்மா. கோணலா மடிச்சா நடுவுல தண்ணி நிக்கும்."

"நின்னா நின்னுட்டுப் போவுது. உனுக்கு கம்பெனி பஸ்ஸு போயிடும், ஓடு."

அவ்வளவுதான் பேச்சு. அன்று இரவு ஏழு நாற்பதுக்குத் தனக்கொடி இறந்துபோனாள். இடையில் இருந்தது எட்டு மணி நேரம் பத்து நிமிடம். வினோதினி இந்தக் கழித்தலை எத்தனை முறை போட்டாலும் விடை அதேதான் வந்தது. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மடித்த தார்ப்பாய் சுவரோரம் ஈரம் காயாமல் இருக்கிறது. மடித்த ஆள் எப்படி இல்லாமல் போக முடியும்?

தனக்கொடிக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு காணி நெல், அரைக் காணி கரும்பு. ஒன்பது வருடத்துக்கு முன் கணவன் பக்கிரியோடு டிவிஎஸ் ஃபிப்டியில் கடலூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தாள். முன்னால் கால் வைக்கும் இடத்தில் யூரியா மூட்டை, பின்னால் தனக்கொடி. பின்னாலிருந்து லாரி இடித்தது. பக்கிரி அங்கேயே போய்விட்டார். தனக்கொடி ரோட்டோரப் புல்லில் விழுந்தாள். முழங்கையில் கொஞ்சம் தோல் போனது, வேறொன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவளை உலுக்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் பைக், ஆட்டோ, கார் எதிலும் ஏறவில்லை. பஸ்ஸில் மட்டும் ஏறுவாள், அதுவும் நடு சீட்டில், கண்ணை மூடிக்கொண்டு. ரோட்டில் நடந்தால் தார் முடிகிற இடத்துக்கும் அந்தப் பக்கம் சேற்றில் நடப்பாள். பின்னால் ஹாரன் கேட்டால் அப்படியே வாய்க்காலில் இறங்கிவிடுவாள். ஒருமுறை புல்லுக்கட்டோடு இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். தெருவில் அவளுக்கு ஓரக்கொடி என்று பெயர். அவளுக்கும் அது தெரியும். "ஓரமா நடந்ததாலதான் உங்க கூட பேச உசுரோட இருக்கேன்" என்பாள். யாருடைய கையையாவது பிடித்துக்கொள்ளாமல் அவளால் ரோட்டைக் கடக்க முடியாது. யாரும் கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடம் விடும்வரை காத்திருந்து பிள்ளைகளோடு சேர்ந்து கடப்பாள்.

போன பொங்கலுக்கு அண்ணன் மகன் கலைவேந்தன் பம்பாயிலிருந்து வந்திருந்தான். தாராவியில் பை தைக்கும் இடத்தில் வேலை. சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னான்:

"அத்த, எங்கூர் கடலுக்கு நடுவுல ஒரு தீவு கீது. மலையக் கொடஞ்சி செஞ்ச சிவன் கோயிலு, ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆவுதாம். ஒரு காரு கெடையாது, ஒரு பைக்கு கெடையாது."

தனக்கொடி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட. எல்லாரும் நடந்துதான் போவணும்."

சிவனைப் பற்றி அவள் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை: வண்டி ஓடாத ஒரு ரோட்டில், யார் கையையும் பிடிக்காமல் ஒருமுறை நடக்க வேண்டும்.

வினோதினி டிப்ளமோ படித்தவள். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர், குழாய்களின் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ்களைக் கழற்றிச் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது அவள் வேலை. அம்மாவின் ஆசையையும் ஒரு வேலைத் திட்டம்போலவே எடுத்துக்கொண்டாள். புதுச்சேரியிலிருந்து தாதருக்கு நேர் ரயில் இருக்கிறது. ஸ்லீப்பர். தங்குவது கலைவேந்தன் அறையில். சாப்பாட்டுக்கு முதல் நாள் புளிசோறு, இரண்டாம் நாள் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மூன்றாம் நாளுக்கு அவல். ரயில், மழை, கடல் ஏற்ற இறக்க நேரம் வரை பார்த்தாள். எந்த நாள் என்பதை மட்டும் அம்மா குறித்தாள்.

"கார்த்திக சோமவாரம். திங்கக்கெழம போனாதான் சாமிக்கும் நமக்கும் சரியா இருக்கும்."

வெள்ளிக்கிழமை தாதரில் இறங்கினார்கள். சனியும் ஞாயிறும் பத்துக்குப் பத்து அறையில் திங்களுக்காகக் காத்திருந்தார்கள். திங்கள் இரவே திரும்பும் ரயில். காலையில் லோக்கல் ரயிலில் வந்து இறங்கி, படகுத்துறை வரை நடந்தார்கள். டாக்சிக்குத் தனக்கொடி ஒப்பவில்லை. ஒரு பக்கம் வினோதினி கை, மறுபக்கம் கலைவேந்தன் கை. சிவப்பு பஸ் ஒன்று உரசிப் போனபோது இருவர் கையிலும் அவள் நகம் பதிந்தது.

படகுத்துறையில் டிக்கெட் கவுண்டர் மூடியிருந்தது. கலைவேந்தன் விசாரித்துவிட்டு வந்தான். முகமே சரியில்லை.

"அத்த, இன்னிக்கு லீவாம். வாராவாரம் திங்கக்கெழம தீவு லீவு. போட்டும் கெடையாது."

தனக்கொடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டேய், சிவன் கோயில கார்த்திக சோமவாரத்துல எவனாவது பூட்டுவானாடா?"

"அது கோயிலு இல்ல அத்த, கவுருமெண்டு எடமாம்."

"பதினோரு வருஷமா இங்க இன்னாடா புடுங்கினு இருந்த?"

"பை தெச்சினு இருந்தேன் அத்த. கடலயே இதோட மூணாவது தபாதான் பாக்கறேன்."

கடலின் ஏற்ற இறக்கத்தைக்கூடப் பார்த்த வினோதினி, விடுமுறை நாளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை. திங்கட்கிழமையன்று சிவனைப் பூட்டிவைப்பார்கள் என்பது அவள் மண்டையிலும் ஏறாத விஷயம். அந்தக் கோபம் அம்மாமேல் திரும்பியது.

"எல்லாம் உன்னாலதான். வேற எந்த நாளாவது சொல்லியிருக்கலாம். சோமவாரம், சோமவாரம்னு... நைட்டு ட்ரெயினு. வியாழக்கெழம ஆடிட்டு. கெளம்பு, போலாம்."

"நான் வரல." தனக்கொடி கடலோரக் குட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். "நீ போ. நாளைக்குப் பாத்துட்டு வரேன்."

"ரோட்ட தாண்டறதுக்கே ரெண்டு ஆளு வேணும் உனுக்கு. தனியா வருவியா? அப்பா செத்து ஒம்போது வருஷம் ஆச்சும்மா. நீ இன்னும் அந்தப் புல்லுலயே விழுந்து கெடக்கிற."

சொல்லிவிட்டாள். சொன்னது காதில் விழுந்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே தெரிந்தது. தனக்கொடி அழவில்லை. முழங்கையை மட்டும் தடவிக்கொண்டாள்.

கலைவேந்தன் சுண்டல் வாங்கப் போகிறேன் என்று நழுவினான். வினோதினி போனை எடுத்து மேனேஜர் அருள்தாஸைக் கூப்பிட்டாள்.

"சார், ஒரு நாள் லேட்டாவும். நாளைக்கு நைட்டு ஏறிடுவேன்."

"ஆடிட்டுக்கு ஆளு வேணும்மா. வியாழக்கெழம காலைல இங்க நிக்கணும். நிப்பியா?"

"நிப்பேன் சார்."

திரும்பி வந்து அம்மாவிடம், "ரிசர்வேஷன் போச்சு. மெட்ராஸ் வண்டில ஜெனரல் பெட்டிதான். தரையிலதான் ஒக்காரணும்" என்றாள்.

"ஒக்காந்தா போச்சு. நாத்து நட்ட இடுப்புதான?"

செவ்வாய்க்கிழமை போனார்கள். படகில் ஒரு மணி நேரம். இறங்கியதும் துறையில் ஒரு பொம்மை ரயில் நின்றது. தனக்கொடி அதைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"இது வண்டி இல்லியாடி?"

"கொழந்தைங்க போறதும்மா. உன் வேகத்தவிட கம்மி."

"அப்ப சரி. இருந்துட்டுப் போவட்டும்."

குகைக்கு நூறுக்கும் மேலே படிகள். நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போகும் இருவர் வந்து கேட்டார்கள். "நான் இன்னா பல்லக்குல போற சாமியா?" என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தாள், அவர்களும் சிரித்தார்கள். பாதிப் படியில் உட்கார்ந்தாள். பிடரியைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

"பின்னந்தல விண்ணுவிண்ணுன்னு கீதுடி."

"வெயிலும்மா. தண்ணி குடி."

தண்ணீர் குடித்தாள். எழுந்து நடந்தாள்.

உள்ளே மூன்று முகச் சிவன் முன்னால் நின்றாள். பூசை இல்லை, விளக்கு இல்லை, கற்பூரம் ஏற்றக் கூடாது என்று காவலர் கை காட்டினார். கொண்டுவந்த வில்வத்தை எடுத்த பையிலேயே திரும்பப் போட்டாள். "நல்லா இருக்காரு. பாவம், சோறு தண்ணி இல்ல" என்றாள். அவ்வளவுதான் அவள் கும்பிடு.

பிறகு குகையைவிட்டு இறங்கி, தீவுக்காரர்கள் குடியிருக்கும் ஊர்ப்பக்கம் போகும் பாதையைக் காட்டி, "இதுல போலாம்" என்றாள். சிமென்ட் பாதை. ஒரு கோழி, ஒரு நாய், தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண். வேறொன்றும் இல்லை. வழக்கம்போல வினோதினி கையை நீட்டினாள். தனக்கொடி பிடிக்கவில்லை. பாதையின் ஓரத்திலிருந்து ஒரு எட்டு உள்ளே வைத்தாள். இன்னொரு எட்டு. நடுவுக்கு வந்துவிட்டாள். கைகளை வீசிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வினோதினி நின்ற இடத்திலேயே நின்றாள். அம்மா நடக்கும்போது இரண்டு கைகளும் வீசும் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

பாதை முடியும்வரை போய்த் திரும்பி வந்தாள் தனக்கொடி. மூச்சு வாங்கியது.

"இன்னும் ஒரு தபா போயிட்டு வரேன்டி. நீ இங்கியே இரு."

மூன்று தடவை போய் வந்தாள்.

ஊர் திரும்பியதும் தெருவில் அவள்தான் பேச்சு. எத்தனை ஆயிரம் செலவாச்சு என்று கேட்டவர்களிடம், எப்படிப் போனால் கம்மியில் முடியும் என்று விளக்கினாள். எந்த ரயில், எந்த இட்லி, எந்த நாள் போகவே கூடாது, எல்லாம். மாசி மாதம் தெருப் பெண்கள் எட்டுப் பேரை அழைத்துப்போவதாகச் சொல்லி, ஆதார் நகல் வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தாள். "டிக்கெட்டு நீ போட்டுக் குடுடி" என்று வினோதினியிடம் சொல்லிவைத்திருந்தாள்.

தீவிலிருந்து திரும்பி நான்கு வாரம்கூட ஆகவில்லை.

அந்தப் புதன்கிழமை மாலை மூன்று மணிக்கு வரப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், சாய்ந்துவிட்டாள். வினோதினியின் போன் தொழிற்சாலை லாக்கரில் இருந்தது. ஆறு மணி இடைவேளையில் எடுத்துப் பார்த்தபோது இருபத்து மூன்று அழைப்புகள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது ஏழு பத்து. டாக்டர் சின்னப் பெண்.

"மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. வந்தப்ப பிரஷர் எரநூத்தி இருபது, நூத்தி முப்பது. என்ன மாத்திரை எடுக்கிறாங்க?"

"மாத்திர எதுவும் இல்ல."

"கடைசியா பிரஷர் எப்ப பாத்தீங்க?"

அன்று மத்தியானம் மட்டும் வினோதினி பதினான்கு பிரஷர் கேஜ்களைச் சோதித்து, தேதி போட்டு, கையெழுத்து வைத்து ஒட்டியிருந்தாள். அரைப் புள்ளி பிசகிய ஒன்றைக் கழித்துவைத்திருந்தாள். வீட்டில் ஐம்பத்தெட்டு வருடம் ஓடிய உடம்புக்கு ஒருமுறைகூட யாரும் பிரஷர் பார்க்கவில்லை.

"விண்ணுவிண்ணுன்னு இருக்குன்னு சொன்னாங்க" என்றாள் கடைசியில்.

"எப்ப?"

"ஒரு மாசம் முன்னாடி. நான் தண்ணி குடிக்கச் சொன்னேன்."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு உள்ளே போனாள். அரை மணி நேரத்தில் வெளியே வந்து, முடிந்துவிட்டது என்றாள்.

கருமாதி முடிந்த மறுநாள் எதிர்வீட்டுக் கமலவேணி வந்தாள். வாசலோடு நின்றாள். அவளுக்கும் கணவன் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பஸ் மோதிப் போனவன்.

"உள்ள வா சித்தி."

"இல்ல வினோ. கேக்கறதுக்கே வாய் வரல. என் ஆதார் அட்டய அக்காகிட்ட குடுத்திருந்தேன். ரேஷன்ல கேக்கறாங்க, அதான்."

வினோதினி அம்மாவின் மஞ்சப்பையைத் தரையில் கொட்டினாள். ரப்பர் பேண்டு போட்ட நகல்கள். எண்ணினாள். ஏழு. மேல் தாளில் எட்டுப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'கீழ்ப் படுக்கை' என்று அம்மாவின் கோணல் எழுத்து. எட்டாவது கமலவேணி.

"உன்னுது இல்லியே சித்தி."

"அந்தப் புதங்கெழம மத்தியானம் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில குடுத்துட்டு வந்துச்சு. கரண்டு இல்லியாம். நாளைக்குப் போயி வாங்கினு வரேன், ரெண்டு காபியா எடுக்கறேன்னு சொல்லிட்டுதான் கழனிக்குப் போச்சு. அதுக்குள்ள வாங்கிடுச்சோன்னுதான் உன்ன கேட்டேன்."

"நானே போயி வாங்கியாந்து தரேன் சித்தி" என்றாள் வினோதினி, தாளைப் பார்த்தபடியே. கமலவேணி கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்:

"அந்த எடத்துல நெஜமாவே ஒரு வண்டி கூட இல்லியா?"

"இல்ல சித்தி."

"அக்கா சொன்னப்ப நான் நம்பல."

அவள் போன பிறகு வினோதினி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும். படியில் உட்கார்ந்தாள். அன்றும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. அட்டை இன்னும் அந்த ஜெராக்ஸ் கடையில்தான் இருக்கிறது, தனக்கொடி வந்து வாங்கிக்கொள்வாள் என்று கடைக்காரர் எடுத்துவைத்தபடியே.