நாலாவது ஜொரம்

போன ஞாயிற்றுக்கிழமை, நோயாளியே இல்லாத ஒரு வீட்டுக்கு ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்கப் போனேன். சிரிக்காதீர்கள்... அந்த வீட்டில் ஏற்கெனவே வயிறு வலிக்கச் சிரித்துவிட்டார்கள்.

கர்நாடகத்துக் கௌதள்ளியில் எனக்கு இரண்டு மாமாக்கள். அம்மாவின் தம்பிகள். அடுத்தடுத்த தோட்டம், நடுவில் ஒரு வரப்பு, வரப்பின் மேல் உண்ணிச்செடி வேலி. அந்த வேலியை யார் வெட்டுவது என்று ஒரு நாள் பேச்சு வந்தது. 'நீ வெட்டு' என்றார் பெரியவர். 'ஏன், உங்களுக்குக் கையில்லையா?' என்றார் சின்னவர். அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றால் உண்ணிச்செடி நிற்குமா? மஞ்சளும் ரோஸுமாகக் குட்டிக் குட்டிப் பூ, பார்க்க அழகு. கவனிக்காமல் விட்டால் காடு! வரப்பைத் தாண்டி, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, பெரிய மாமாவின் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது. உள்ளே காட்டுப்பன்றிகள் குடித்தனம் நடத்துகின்றன. மாமாவின் மக்காச்சோளம்தான் அவற்றுக்குச் சாப்பாடு.

எனக்கு அதைவிட வேறு கஷ்டம். ஒரு வீட்டில் காபி குடித்துவிட்டு, ரோட்டைச் சுற்றிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போவேன். இவர், "அவன் எளச்சுட்டானா அம்மிணி?" என்பார். அவர், "அண்ணனுக்கு முட்டிவலி எப்புடி இருக்குதாம்?" என்பார். நேரில் கேட்டால் என்னவாம்?

மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் தெருப் பெண் பவித்ரா, ட்ரோன் பைலட். தமிழ் வீட்டுப் பெண்தான்... தமிழ் மட்டும் கன்னடத்தில் ஊறித்தான் வெளியே வரும். ட்ரோனில் களைக்கொல்லி அடித்தால் உண்ணிச்செடி கருகிவிடும் என்றாள். பெரிய மாமாவிடம் சொன்னேன். "கூட்டியா அம்மிணி!" என்றார்.

முதலில் படமெடுக்க ட்ரோன் மேலே போனது. பெரிய மாமா ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். செடிக்கு அந்தப் பக்கம் தம்பியின் வீடு தெரிந்தது. "மாட்டுக் கொட்டாயிக்குப் புது ஓடு போட்டிருக்கறான்" என்றார் மெதுவாக.

பவித்ரா வேறொன்றைப் பார்த்தாள். "ஆன்ட்டி, அந்தப் பக்கம் மல்பெரி இதே, நெறைய இருக்கு. மருந்து காத்துல போய் எலையில பட்டா பட்டுப்புழு எல்லாம் செத்துப் போகும். அவங்க ஓகே சொன்னாத்தான் நான் அடிப்பேன்."

பாருங்கள்... அரிவாளால் வெட்டினால் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். அத்தனை நவீன மெஷின், பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு பேசாமல் வேலைக்காகாது!

பெரிய மாமா போகமாட்டார். பவித்ராவே போனாள். போன வேகத்தில் திரும்பினாள்.

"இப்போ பேடா, அடிக்க வேண்டாம்னுட்டாங்க ஆன்ட்டி. அவங்க மனேல நாலாவது ஜொரமாம். என்னை உள்ளேயே விடலை."

எனக்குப் பதறிவிட்டது. நாலாவது தடவையாக ஜுரமா? ஒரு வார்த்தை சொல்லவில்லையே! பெரிய மாமாவைப் பார்த்தேன். சாவகாசமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கூடப்பிறந்தவன் ஜுரத்தில் கிடக்கிறான் என்கிறார்கள், இவர் என்ன மனுஷன்?

"நீங்களும் வாங்க மாமா" என்றேன், கோபமாக.

"நீ போ அம்மிணி. போறப்ப பேக்கரியில வெண்ண பன்னு வாங்கிக்க. அவனுக்கு இஷ்டம்."

பையும் கையுமாகப் போய் நின்றால், சின்ன மாமா மல்பெரிக் கட்டைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறார்!

"மாமா, ஜுரத்தோட எதுக்கு இதெல்லாம்?"

"ஆருக்கு ஜொரம் கண்ணு?"

விஷயம் புரிந்ததும் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பட்டுப்புழு தோலுரிப்பதற்கு முன்னால் தின்னாமல், அசையாமல், தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்குமாம். அதற்குத்தான் ஜொரம் என்று பெயர். மொத்தம் நாலு ஜொரம். நாலாவதும் முடிந்தால் ஒரு வாரம் தின்றுவிட்டுக் கூடு கட்டிவிடும். இந்தச் சமயத்தில் இலையில் மருந்து பட்டால் அத்தனை உழைப்பும் போச்சு.

சின்ன மாமா பையைத் துழாவி வெண்ணெய் பன்னை எடுத்தார். "இத ஆரு வாங்கச் சொன்னது?"

"பெரிய மாமா."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பன்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னோடு ரோட்டைச் சுற்றி நடந்தார்.

"அண்ணா, கூடு எறக்கிட்டு மல்பெரியக் கவாத்து பண்ணிர்றனுங். அப்பறம் மருந்தடிச்சுக்கலாம்."

"செரி."

"வரப்போரம் மட்டும் மருந்து வேண்டாமுங். கையில வெட்டிக்கலாம்."

"ஆரு வெட்டறது?"

மறுபடியும் அதே கேள்வியா!

"ரெண்டு பேரும்தானுங்" என்றார் சின்னவர்.

"அப்பச் செரி. உக்காரு. காபி குடி."

பவித்ரா ஒரு சொட்டு மருந்துகூட அடிக்காமல் ட்ரோனை மடித்து வைத்தாள். பஸ் ஏறும்போது பெரிய மாமாவிடம் கேட்டேன்: "நாலாவது ஜொரம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?"

"நானும் புழு வளத்தவந்தானே அம்மிணி!"

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ பன்னு வாங்கிட்டுப் போயிருப்பியா?"

அன்றைக்கு ட்ரோனை ஓட்டியவள் பவித்ரா. என்னை ஓட்டியவர் பெரிய மாமா!