வியாழக்கிழமைப் பானகம்

டெல்லியில் ஒருவன் பிராந்தி கேட்டால் அவன் தமிழனாகத்தான் இருப்பான் என்பது என் கீழ்வீட்டு பாலசுப்ரமணியத்தின் சித்தாந்தம். இந்த ஊர்க்காரர்களுக்கு விஸ்கி போதும். கனாட் பிளேஸ் பக்கம் ஒரு பழைய ஹோட்டல் பாரில் இருபத்தாறு வருஷமாகக் கலந்து கொடுப்பவர் சொல்கிறார், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

திண்டுக்கல்காரர், ஐம்பத்திரண்டு வயது, துவாரகாவில் தனிக்கட்டை. ஊரில் நான்கு இடத்தில் பெண் பார்த்தார்கள். பார் வேலை என்று தெரிந்ததும் கொடுத்த காப்பியைப் பிடுங்காத குறைதான். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

அவர் தொழிலில் ஒரு விதி உண்டு. வாடிக்கையாளரை வெளியில் பார்த்தால் நாமாகச் சிரிக்கக் கூடாது. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாரோ, யார் கண்டது? அதனால் கோயிலிலும் கல்யாணங்களிலும் பாதிப் பேரைத் தெரிந்தும் தெரியாதவராக ஓரமாக நிற்பார் பாலு. பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும்.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ரிட்டயரான அண்டர் செக்ரட்டரி வேதாந்தம் அந்த பாருக்கு வந்தார். மருந்துக்கடையில் கேட்பதுபோல, "பிராந்தி இருக்கோ?" என்றார். பாலுவுக்கு மனசெல்லாம் குளிர்ந்துவிட்டது.

"இருக்கு சார். வெறும் பிராந்தி வேணாம், சைட்கார்னு ஒண்ணு இருக்கு, கலந்து தாரேன்."

இரண்டு பங்கு பிராந்தி, ஒரு பங்கு ஆரஞ்சுத் தோலின் மணமேறிய இனிப்பு மது, ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு. ஐஸோடு கை மரத்துப்போகும்வரை குலுக்கி, விளிம்பில் சர்க்கரை ஒட்டிய கண்ணாடிக் கிண்ணத்தில் வடித்தார். முதல் உலகப் போர் முடிந்த கையோடு பிறந்த பானம் என்று கதையும் சொன்னார். மோட்டார் சைக்கிளின் சைட்காரில், அதாவது பக்கத் தொட்டியில், உட்கார்ந்து மதுக்கடைக்கு வந்துபோன ஒரு ராணுவ கேப்டனுக்காகக் கலந்ததாம். பாரிஸ்காரர்கள் எங்களுடையது என்கிறார்கள், லண்டன்காரர்கள் எங்களுடையது என்கிறார்கள். "நம்ம ஊர் நதிநீர்த் தாவா மாதிரின்னா இருக்கு!" என்று வேதாந்தம் சிரித்தார்.

அன்று முதல் வியாழன்தோறும் வந்தார். ஒரே ஒரு கிளாஸ், ஒரு மணி நேரத் தமிழ். பழைய ஆபீஸ் சண்டைகள், கைவிட்டுப்போன பிரமோஷன், முழங்கால் வலி. பாலுவுக்கு வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் வாரம்.

போன மார்ச்சில் மூன்று வியாழன் அவர் வரவில்லை. போன் நம்பர் கேட்டு வைத்துக்கொள்வதும் விதிக்கு ஆகாது. கடைசியில் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் வேதாந்தத்தின் படம் வந்தது, மாலையோடு. கீழே மயூர் விஹார் விலாசம்.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்தபின் ஒரு மத்தியானம் பாலு விதியை மீறிப் போனார். ஒரு நமஸ்காரம் பண்ணிவிட்டு வந்துவிட வேண்டும், அவர் மறைத்து வைத்ததைத் தன் வாயால் உடைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். கதவைத் திறந்தது மனைவி வைதேஹி.

"அவர்கூட... வியாழக்கிழமைப் பழக்கம், மாமி."

"பஜனையா? பாலுவா நீங்க? வாங்கோ, வாங்கோ. பஜனை முடிஞ்சதும் பானகம் கலக்கறது நீங்கதானாமே! நானும் பண்ணிப் பார்த்தேன். இது பாலு பானகம் இல்லேன்னுடுவார். அதுல அப்படி என்னதான் போடுவேள்?"

பாலு விரல்விட்டு எண்ணினார். "எலுமிச்சம்பழச் சாறு ஒரு பங்கு, மாமி. ஆரஞ்சு ஒரு பங்கு. ஐஸ் போட்டு நல்லா குலுக்கணும். விளிம்புல சர்க்கரை."

"பிராந்தியை விட்டுட்டேளே" என்றாள் வைதேஹி.

பாலு வாசல் பக்கம் செருப்பைத் தேடினார்.

"ஏழு வருஷமா வெள்ளிக்கிழமை அந்த வாடைச் சட்டையைத் துவைச்சவ நான். தெரிஞ்ச மாதிரி காட்டிண்டா போறதை நிறுத்திடுவாரேன்னு பேசாம இருந்தேன். அன்னிக்கு ஒரு நாள்தான் சிரிச்ச முகமா வருவார். ஆத்துல நாலு வார்த்தை பேச மாட்டார். அச்சா, போகட்டும். அங்க வந்து என்ன பேசுவார்?"

ஏழு வருஷத்தில் வேதாந்தம் மனைவியின் பெயரைக்கூட ஒரு தடவை சொன்னதில்லை.

"உங்களப் பத்திதான், மாமி" என்றார் பாலு.

அவள் முகம் மாறிப்போனது. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன சொல்லுவார்? ஒண்ணு விடாம சொல்லுங்கோ" என்றாள். பாலு இரண்டு சொன்னார். மீதியை அடுத்த வாரம் வந்து சொல்வதாகச் சொல்லித் தப்பித்தார்.

இப்போது வியாழக்கிழமை பாலுவுக்கு வார லீவு. துவாரகாவிலிருந்து மயூர் விஹாருக்கு மெட்ரோவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணமே ஆகாத மனுஷன், ஒரு புருஷன் பெண்டாட்டியைப் பற்றி என்னவெல்லாம் சொல்வான் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக யோசித்துக்கொண்டே போகிறார்.